சாகச, புதிர் கேம்கள்: கருவி வாங்குவது முதல் மாட்டிக்கொண்டு விழிப்பது வரை முழு வழிகாட்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த வகை கேமில் பாதி நேரம் நீங்கள் எதையும் ஆடிக்கொண்டிருக்க மாட்டீர்கள். கன்ட்ரோலரை மடியில் போட்டுக்கொண்டு, பூட்டிய ஒரு கதவையோ அர்த்தம் புரியாத நாலு குறியையோ வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். வீட்டில் யாராவது வந்து "என்ன, ஹேங் ஆயிடுச்சா?" என்று கேட்பார்கள். ஹேங் ஆனது நாம்தான். அந்த விழித்துக்கொண்டு நிற்கும் நேரம்தான் இந்த கேம்களின் உயிர், அதை ஒழுங்காகக் கழிக்கத் தெரியாமல்தான் பலர் ரெண்டாம் நாளே யூடியூபில் விடை பார்த்துவிட்டு "போர் அடிக்குது" என்று அழித்துவிடுகிறார்கள். கடலூர், புதுச்சேரி பக்கம் கேம் என்றாலே கிரிக்கெட், கார் ரேஸ், துப்பாக்கி மூன்றும்தான் என்று இருக்கிறவர்கள் நிறைய. அவர்களில் யாருக்காவது இந்தப் பக்கம் வர ஆசை இருந்தால், அவர்களுக்காகத்தான் இவ்வளவும்.

இது என்ன வகை என்று சுருக்கமாக

ஆரம்பம் 1976. வில் க்ரௌதர் என்ற அமெரிக்க புரோகிராமர், தான் இறங்கிப் பார்த்திருந்த கென்டக்கி மாநிலத்துக் குகைகளை வைத்து ஒரு கேம் எழுதினார். படமே கிடையாது. 'வடக்கே போ', 'விளக்கை எடு' என்று டைப் அடிக்க வேண்டும், கம்ப்யூட்டர் பதிலுக்கு வாக்கியமாக ஏதாவது சொல்லும். அடுத்த வருடம் டான் வுட்ஸ் அதைப் பெரிதாக்கினார். எண்பதுகளில் படம் வந்தது, மவுஸ் வந்தது, பொருளை எடுத்துப் பையில் போட்டு இன்னொன்றோடு சேர்த்துப் பார்க்கும் 'பாயின்ட் அண்ட் கிளிக்' வகை வந்தது. 1993இல் வந்த மிஸ்ட், ஆளே இல்லாத ஒரு தீவில் நம்மை இறக்கிவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டது. சிடி டிரைவ் வாங்குவதற்கே அது ஒரு காரணமாக இருந்தது.

இன்றைக்கு இந்தக் குடும்பம் ரொம்பப் பெரிது. போர்ட்டல் மாதிரி அறை அறையாகத் தீர்ப்பது, லிம்போ மாதிரி ஓடித் தாண்டித் தீர்ப்பது, ஓப்ரா டின் மாதிரி துப்பறிவது, செல்டா, அன்சார்டெட் மாதிரி சண்டைக்கு நடுவில் புதிர் வருவது. கடைசி வகையில் ஒன்று நமக்குக் கொஞ்சம் நெருக்கம்: 2017இல் வந்த அன்சார்டெட் தி லாஸ்ட் லெகசி, மேற்குத் தொடர்ச்சி மலையில், ஹொய்சாளக் கோயில் இடிபாடுகளுக்குள் நடக்கிறது. ஆனால் அதில் சுடுவதுதான் அதிகம், புதிர் ஊறுகாய் அளவுக்குத்தான்.

படி 1: கையில் இருப்பதை வைத்தே தொடங்குங்கள்

இந்த கேம்களுக்காகப் புதுக் கருவி வாங்காதீர்கள். காலேஜில் வாங்கிய பழைய லேப்டாப், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாதது, அதிலேயே மெஷினேரியம், பாபா இஸ் யூ, 2007இல் வந்த போர்ட்டல் எல்லாம் ஓடும். போனில் தி ரூம் வரிசையும் மான்யுமென்ட் வேலியும் விரலுக்கென்றே செய்தவை. பெட்டியைத் திருப்பி, பூட்டைத் தடவி, ரகசிய அறையைத் திறக்கும் தி ரூமை மவுஸில் ஆடுவதைவிட போனில் ஆடுவதுதான் சுகம்.

காசே செலவழிக்க மனமில்லையா, ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். பழைய பாயின்ட் அண்ட் கிளிக் கேம்களை இன்றைய விண்டோஸிலும் ஆண்ட்ராய்டிலும் ஓடவைப்பது அதன் வேலை. 1994இல் வந்த பினீத் எ ஸ்டீல் ஸ்கை, 1995இன் ஃப்ளைட் ஆஃப் தி அமேசான் குவீன் இரண்டையும் உரிமையாளர்களே இலவசமாக விட்டுவிட்டார்கள், ஸ்கம்விஎம் தளத்திலேயே கிடைக்கும். திருட்டு இல்லை, வைரஸ் இல்லை.

கன்சோல்தான் வேண்டும் என்றால் ஒரு விஷயம் யோசியுங்கள். பிளேஸ்டேஷன் 5இல் டிஸ்க் போடும் மாடலும் இருக்கிறது, டிஸ்க் இல்லாததும் இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் கிடையாது. புதிர் கேமை ஒருமுறை முடித்தால் திரும்ப ஆடுவது அபூர்வம், விடைதான் தெரிந்துவிட்டதே. அதனால் டிஸ்க் வாங்கி, முடித்து, விற்று, அடுத்ததை வாங்குகிற ஆளுக்கு டிஸ்க் மாடல் நாளடைவில் லாபம். பிஎஸ்4 டிஸ்க்கும் அதில் ஓடும். ஆனால் சின்னச் சின்ன நல்ல புதிர் கேம்களில் பாதிக்கு மேல் டிஸ்க்கில் வருவதே இல்லை என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை, இங்கே கிடைக்கும் அவர்களுடைய ஸ்விட்ச் கன்சோல் எல்லாம் வெளியிலிருந்து வருவது, வாரன்டியை நம்பி வாங்க முடியாது. செல்டா வேறெங்கும் வராது என்பதால் அதற்காகவே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த செல்டா வரிசையின் பிரெத் ஆஃப் தி வைல்டில் மட்டும் 120 புதிர்க் கோயில்கள் இருக்கின்றன, அவர்களைக் குறை சொல்ல முடியாது.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களுக்கு, குறிப்பாகக் கடலோரத்தில் வாங்குகிறவர்களுக்கு: தேவனாம்பட்டினம், குருசுக்குப்பம் போலக் கடலை ஒட்டிய வீடுகளில் கிடந்த மெஷின் என்றால் உப்புக் காற்று பட்டிருக்கும். டார்ச் அடித்து எச்டிஎம்ஐ, யூஎஸ்பி துளைகளுக்குள் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா பாருங்கள். கன்ட்ரோலரைக் கையில் வாங்கி, குச்சியைத் தொடாமல் மெனுவில் வையுங்கள், தானாக நகர்ந்தால் அது தேய்ந்துவிட்டது. டிஸ்க்கை அங்கேயே போட்டு ஓடவிட்டுப் பாருங்கள். "வீட்டுக்குப் போய்ப் பாருங்க தம்பி, ஒண்ணும் ஆகாது" என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கரண்ட் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2011 'தானே', 2024 'ஃபெங்கல்' புயல்கள் இரண்டையும் பார்த்த ஊர்க்காரர்கள் நாம். கார்த்திகை, மார்கழியில் ஆடினால் லேப்டாப்பே உசிதம், கன்சோல் என்றால் சின்ன யூபிஎஸ் ஒன்று. பழைய கேம்களில் தானாக சேவ் ஆகாது, நீங்களாகத்தான் செய்ய வேண்டும். ஒரே இடத்தில் மேலே மேலே சேவ் செய்யாமல் ஐந்தாறு இடமாக மாற்றி மாற்றிச் செய்யுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

படி 2: எங்கே வாங்குவது

கம்ப்யூட்டருக்கு ஸ்டீம் என்ற இணையக் கடை. ரூபாயில் விலை, யூபிஐயில் கட்டலாம். வாங்கிய 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்கும் குறைவாக இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், எனவே வாங்கியதும் பரண்மேல் போடாமல் முதல் ஒரு மணி நேரத்தை உடனே ஆடிப் பாருங்கள். அவசரம் இல்லை என்றால் கோடைக்கால, டிசம்பர் தள்ளுபடிக்குக் காத்திருங்கள், புதிர் கேம்களுக்குப் பழசாவது என்பதே கிடையாது. ஜிஓஜி என்ற இன்னொரு இணையக் கடையில் வாங்கினால் இன்ஸ்டால் செய்யும் கோப்பே உங்கள் கைக்கு வந்துவிடும், பென் டிரைவில் போட்டு வைத்துக்கொள்ளலாம், நெட் இல்லாத நாளிலும் ஓடும். எபிக் கடையில் வாரா வாரம் வியாழன் இரவு ஏதாவது ஒரு கேம் இலவசம், கணக்கு மட்டும் திறந்து வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

படி 3: முதல் கேம் எது

இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "உலகத்திலேயே சிறந்த புதிர் கேம்" என்று தேடி, தி விட்னஸையோ பாபா இஸ் யூவையோ முதலில் எடுத்து, மூன்றாம் நாள் தன்னை முட்டாள் என்று முடிவு செய்துகொள்கிறார்கள். இரண்டும் அருமையானவை (தி விட்னஸின் நடுப்பகுதி எனக்குக் கொஞ்சம் வாத்தியார்த்தனமாகத் தெரியும், அது வேறு), ஆனால் முதலில் தொடுவதற்கு இல்லை.

ஆங்கிலம் தடையாக இருக்கிறவர்கள் மெஷினேரியத்தில் தொடங்கலாம். 2009இல் செக் நாட்டு அமானிட்டா டிசைன் செய்தது. ஒரு குட்டி ரோபோ, துருப்பிடித்த ஊர், பாத்திரங்கள் பேசுவதெல்லாம் தலைக்கு மேல் வரும் படங்களாகத்தான். அதற்கு அடுத்து கொரோகோவா, 2017. நாலு கட்டத்துக்குள் கையால் வரைந்த படங்கள், ஒரு படத்தை இன்னொன்றின் மேல் நகர்த்தினால் கதவு திறக்கிறது, ஆப்பிள் விழுகிறது. ஜேசன் ராபர்ட்ஸ் என்ற ஒரே ஆள் வருடக்கணக்கில் உட்கார்ந்து வரைந்தது. ரெண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும், ஆனால் முடித்த கையோடு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டத் தோன்றும்.

அம்மாவிடம் காட்ட இன்னொன்றும் இருக்கிறது. 2023இல் வந்த வெண்பா. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம், அழிந்தும் கிழிந்தும் போன ஒரு சமையல் குறிப்பு நோட்டு, அதில் விடுபட்ட இடத்தை ஊகித்து இட்லியும் பிரியாணியும் செய்ய வேண்டும். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுக கேம் விருது வாங்கியது. புதிர் என்று பார்த்தால் ரொம்ப லேசு, இட்லி ஊற்றத் தெரிந்தவருக்கு அதுகூட இல்லை. கதைக்காக ஆடுங்கள்.

கொஞ்சம் ஆங்கிலம் ஓடும், மூளைக்கு வேலை வேண்டும் என்றால் போர்ட்டல். சுவரில் ரெண்டு ஓட்டை, ஒன்றில் நுழைந்தால் மற்றதில் வெளியே வருவீர்கள், அவ்வளவுதான் விதி. அதை வைத்து அவர்கள் மெல்ல மெல்லச் சொல்லித்தரும் அழகுக்காகவே ஆட வேண்டும். தலை சுற்றுகிறது என்றால் ஃபேன் காற்றுக்கு நேராக உட்காருங்கள், அரை மணிக்கு ஒருமுறை எழுந்துவிடுங்கள்.

புதுச்சேரியில் பள்ளியில் பிரெஞ்சு எடுத்துப் படித்து, அப்புறம் அதைப் பயன்படுத்த இடமே இல்லாமல் மறந்துகொண்டிருக்கிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு சைபீரியா. பெல்ஜியத்து ஓவியர் பெனுவா சொகால் உருவாக்கி 2002இல் வந்தது, கதையே பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் ஒரு பொம்மைத் தொழிற்சாலையில் தொடங்குகிறது. மொழியைப் பிரெஞ்சுக்கு மாற்றி, சப்டைட்டில் போட்டு ஆடினால், மெதுவாகப் பேசும் மனிதர்கள், திரும்பத் திரும்பக் கேட்கும் வசதி. டியூஷனைவிட மலிவு.

ரெண்டு பேர் ஆட வேண்டும் என்றால் இட் டேக்ஸ் டூ. ஒருவர் வாங்கினால் போதும், மற்றவர் 'ஃபிரெண்ட்ஸ் பாஸ்' வைத்து இலவசமாகச் சேர்ந்துகொள்ளலாம். ஒருவர் கடலூரிலும் ஒருவர் புதுச்சேரியிலும் இருந்தால் வீ வேர் ஹியர் வரிசையின் முதல் கேமைப் பாருங்கள், ஸ்டீமில் இலவசம். ஆளுக்கொரு அறையில் அடைபட்டு, வாக்கி டாக்கியில் பேசித்தான் தப்பிக்க வேண்டும்.

ஆனால் வீட்டில் சொந்தக்காரர்கள் கூடியிருக்கும் நாளுக்கு நான் சிபாரிசு செய்வது கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ். ஒருவர் மட்டும் திரையில் வெடிகுண்டைப் பார்ப்பார். மற்றவர்கள் திரையைப் பார்க்கக் கூடாது, அவர்கள் கையில் குண்டைச் செயலிழக்க வைக்கும் கையேடு, 23 பக்கம், இலவசமாக இறக்கி ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்துக்கொள்ளலாம். "மூணு ஒயரு இருக்கு, சிவப்பு இல்ல" என்று இவர் கத்த, சித்தப்பா பக்கத்தைப் புரட்ட, "ரெண்டாவது ஒயரை வெட்டுப்பா" என்று அத்தை குரல் கொடுக்க, நேரம் ஓடிக்கொண்டிருக்கும். ஒரே ஒரு காப்பி வாங்கினால் போதும், கன்ட்ரோலரைத் தொட்டே இராதவர்தான் பெரும்பாலும் இதில் கெட்டிக்காரராக இருப்பார்.

படி 4: உட்காருவதற்கு முன்

நோட்டும் பென்சிலும். இதைத் தவிர்க்கவே முடியாது. மிஸ்ட் வந்த காலத்தில் பெட்டிக்குள்ளேயே ஒரு வெற்று நோட்டு வைத்துக் கொடுத்தார்கள். போனில் படம் எடுத்தால் போதாதா என்பீர்கள். எடுக்கலாம், ஆனால் கையால் வரையும்போதுதான் 'இந்தக் குறியில் மட்டும் ஏன் ஒரு கோடு அதிகம்' என்று கண்ணில் படும். சப்டைட்டிலைப் போடுங்கள். ஹெட்போன் போடுங்கள், சத்தமே துப்பாக இருக்கும் கேம்கள் உண்டு. லிம்போ, இன்சைடு இரண்டும் இருட்டு கேம்கள், கிழக்கு ஜன்னல் வீட்டில் காலையில் ஆடினால் உங்கள் முகம்தான் திரையில் தெரியும்.

படி 5: மாட்டிக்கொண்டீர்கள். இப்போது?

இதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். மாட்டிக்கொண்டவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, எந்த விதத்தில் மாட்டிக்கொண்டோம் என்று கண்டுபிடிப்பது. எல்லாத் தடையும் ஒரே ரகம் கிடையாது.

பெரும்பாலும் நீங்கள் எதையோ பார்க்கவில்லை. மேஜைக்கு அடியில் ஒரு சாவி, திரும்பிப் பார்க்காத ஒரு சுவர். பாயின்ட் அண்ட் கிளிக் கேம்களில் தொடக்கூடிய இடங்களை எல்லாம் காட்டும் ஒரு பட்டன் பலவற்றில் உண்டு, அதைப் பயன்படுத்துவது ஏமாற்று ஆகாது, பிக்சல் பிக்சலாகத் தடவுவது ஒன்றும் அறிவு வேலை இல்லையே. போர்ட்டலில் என்றால் நின்ற இடத்திலேயே முழு வட்டம் சுற்றி, ஓட்டை போடக்கூடிய வெள்ளைச் சுவர் எங்கெல்லாம் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். செய்தவர் சும்மா ஒரு பலகையை மூலையில் வைத்திருக்க மாட்டார்.

அடுத்த ரகம், எல்லாம் கண்முன் இருக்கிறது, சேரவில்லை. இதற்கு முடிவிலிருந்து பின்னோக்கி வாருங்கள். பாபா இஸ் யூவில் விதிகளே தள்ளக்கூடிய வார்த்தைக் கட்டைகளாகக் கிடக்கும். ஜெயிக்க வேண்டுமென்றால் ஏதாவது ஒன்று 'வின்' ஆக வேண்டும், எந்தக் கட்டை அந்த வார்த்தையின் பக்கத்தில் வர முடியும், அதைத் தள்ள நான் எந்தப் பக்கம் நிற்க வேண்டும், மூலையில் ஒட்டிக்கொண்ட கட்டையை நகர்த்தவே முடியாது, அப்போது அந்த விதி மாறாது, எனவே அதை விட்டுவிடலாம். இப்படி முடியாதவற்றை அடித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது ரெண்டு மூன்று வழிதான்.

ஓப்ரா டின் இந்த ரகத்தின் உச்சம். 2018இல் லூகாஸ் போப் தனியாளாகச் செய்தது. கிழக்கிந்திய கம்பெனிக் கப்பல் ஒன்று காணாமல் போய், 1807இல் ஆளில்லாமல் திரும்பி வருகிறது. நீங்கள் கம்பெனி அனுப்பிய இன்சூரன்ஸ் ஆய்வாளர். 60 பேருக்கு என்ன ஆனது, யார் எவர் என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் இந்திய மாலுமிகளும் இருக்கிறார்கள். அதே கம்பெனி 1690இல் விலைக்கு வாங்கிய புனித டேவிட் கோட்டையின் மிச்சம் நம் தேவனாம்பட்டினத்தில் நிற்பதை நினைத்துக்கொண்டு ஆடினால் கேமில் நீங்கள் விவரம் எழுதும் அந்தக் கணக்குப் புத்தகம் கொஞ்சம் வேறு மாதிரி கனக்கும். ஆடும் முறைக்கு வருகிறேன்: மூன்று பேர் யார், என்ன ஆனார்கள் என்று நீங்கள் எழுதியது சரியாக இருந்தால்தான் கேம் அதை உறுதி செய்யும். எனவே முழுக்க நிச்சயமான ரெண்டு பேரை எழுதிவிட்டு, மூன்றாவதாகச் சந்தேகம் உள்ளவரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். தொடக்கத்தில் மட்டும் செய்யுங்கள், கடைசி வரை இதையே செய்தால் லாட்டரி ஆகிவிடும். யார் யாரோடு நிற்கிறார், என்ன உடுத்தியிருக்கிறார், எந்த ஊர்ப் பேச்சு என்று பாருங்கள். முகத்தை மட்டும் பார்க்கிறவர் பாதியில் நின்றுவிடுவார்.

மூன்றாவது ரகம், விடை இங்கே இல்லவே இல்லை. வேறெங்கோ போய் ஏதோ தெரிந்துகொண்டு வர வேண்டும். தலையை முட்டிக்கொள்வது வீண், அந்த இடத்தை நோட்டில் குறித்துவிட்டு நடையைக் கட்டுங்கள். செல்டாவில் ஒரு கோயில் புரியவில்லை என்றால் வெளியே வந்துவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

தெரிந்தும் கை வரவில்லை, குதிக்க வேண்டிய நொடியில் குதிக்க முடியவில்லை என்றால் அது புதிரே இல்லை. தம்பியிடமோ மகளிடமோ கன்ட்ரோலரைக் கொடுத்து அந்த ஒரு தாவலை வாங்கிக்கொள்ளுங்கள். மான மரியாதை எல்லாம் பார்க்காதீர்கள்.

கடைசி ரகம், தப்பு கேம் மேல். இது நிஜமாகவே உண்டு. 1999இல் வந்த கேப்ரியல் நைட் 3இல் மோட்டார் பைக் வாடகைக்கு எடுக்க வேறொருவர் மாதிரி வேஷம் போட வேண்டும், அதற்குப் பூனை முடியை டேப்பில் பிடித்து மீசை செய்ய வேண்டும். வேடிக்கை என்னவென்றால் அந்த ஆளுக்கு மீசையே கிடையாது, அவர் பாஸ்போர்ட் படத்திலும் நாமே மீசை வரைய வேண்டும். யாருக்குத் தோன்றும்? அதைவிடக் கொடுமை 1990இன் கிங்ஸ் குவெஸ்ட் 5. பசிக்கிறதே என்று கையில் இருக்கும் 'பை' என்ற பலகாரத்தைத் தின்றுவிட்டால், பிற்பாடு பனி மனிதன் எதிரில் வரும்போது எறிய ஒன்றும் இருக்காது, கேம் அதோடு முடிந்தது, உங்களுக்குச் சொல்லவும் சொல்லாது. மாற்றி மாற்றி சேவ் செய்யச் சொன்னது இதற்குத்தான். எண்பது, தொண்ணூறுகளின் கேம்களில், குறிப்பாக சியர்ரா கம்பெனி கேம்களில், மாட்டிக்கொண்டால் உங்கள் மூளையைச் சந்தேகப்படும் முன் கேமைச் சந்தேகப்படுங்கள்.

எந்த ரகம் என்றே தெரியவில்லை என்றால் அணைத்துவிட்டு வெளியே போங்கள். மாலையில் வண்டி விடாத புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தால் பாதியிலேயே ஏதாவது தட்டுப்படும். சும்மா சொல்லவில்லை, திரை முன்னால் இருக்கும் வரை ஒரே தப்பான யோசனையையே சுற்றி வருவோம்.

படி 6: துப்பு கேட்பது எப்படி

பாட்டி விடுகதை போட்டால் நமக்குத் தெரியாதபோது உடனே விடையைச் சொல்லிவிட மாட்டார், "வீட்டுக்குள்ளதான் இருக்கு", அப்புறம் "அடுப்பங்கரையில பாரு" என்று ஒவ்வொரு படியாக இறங்குவார். நல்ல துப்பும் அப்படித்தான். எண்பதுகளில் இன்ஃபோகாம் நிறுவனம் கண்ணுக்குத் தெரியாத மையில் துப்புகளை அச்சடித்த புத்தகம் விற்றது, கூடவே ஒரு பேனா, எந்த வரியைத் தேய்க்கிறோமோ அது மட்டும் தெரியும். இன்றைக்கு யூனிவர்சல் ஹின்ட் சிஸ்டம் தளத்தில் அதே முறை, கேள்வியைத் தொட்டால் முதலில் லேசான ஒரு வரி, இன்னும் வேண்டுமென்றால் அடுத்தது. கேமுக்குள்ளேயே துப்பு இருந்தால் அதுதான் முதல் தேர்வு. மெஷினேரியத்தில் ஒரு சின்ன சுடும் ஆட்டம் ஜெயித்தால் விடைப் புத்தகம் திறக்கும், 2022இன் ரிட்டர்ன் டு மங்கி ஐலண்டில் பையிலேயே துப்புப் புத்தகம் இருக்கிறது.

அதுவும் இல்லையா, முடித்த நண்பரிடம் கேளுங்கள், "விடை வேண்டாம், நான் சரியான அறையில்தான் இருக்கேனா, அத மட்டும் சொல்லு." முக்கால்வாசி நேரம் அந்த ஒரு பதிலே போதும். எழுத்தில் உள்ள வழிகாட்டியை அடுத்த கட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். யூடியூப் கடைசி, ஏனென்றால் தேடும்போதே முகப்புப் படத்தில் கிளைமாக்ஸ் வந்து நிற்கும், ஒருமுறை தேடிவிட்டால் அப்புறம் ஒரு வாரத்துக்கு அதே வீடியோவாகக் காட்டும்.

படி 7: பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன்

படம் பொம்மை மாதிரி இருக்கிறதே என்று நம்பாதீர்கள். லிம்போவிலும் இன்சைடிலும் ஓடுவது ஒரு சின்னப் பையன், அவன் பொறியில் சிக்கிச் சாவதை அப்பட்டமாகக் காட்டுவார்கள், திரும்பத் திரும்ப. பத்து வயதுப் பிள்ளைக்கு அது வேண்டாம். இட் டேக்ஸ் டூ விவாகரத்துக்குத் தயாராகும் அப்பா அம்மா கதை, கேள்விகள் வரும், பதில் வைத்துக்கொள்ளுங்கள். மான்யுமென்ட் வேலி, மெஷினேரியம் இரண்டும் பயமில்லாதவை.

படி 8: அடுத்து எங்கே

மெஷினேரியம், போர்ட்டல், போர்ட்டல் 2, ஓப்ரா டின், இந்த வரிசையில் போனால் பெரும்பாலும் ஏறி வந்துவிடலாம். அதற்குப் பிறகு அவுட்டர் வைல்ட்ஸ். 2019இல் வந்தது, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச், கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் உண்டு. ஒரு குட்டி சூரிய மண்டலம், ஒரு ஓட்டை விண்கலம், 22 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாம் முதலிலிருந்து. சண்டை கிடையாது, சேர்க்கப் பொருள் கிடையாது, நீங்கள் தெரிந்துகொண்டது மட்டும்தான் மிஞ்சும். ஒரு இடத்தில் இன்னும் பார்க்க வேண்டியது இருந்தால் கலத்தில் உள்ள பதிவேடே சொல்லிவிடும், அதை மட்டும் நம்பி ஆடுங்கள். டிரெய்லர் பார்க்காதீர்கள், விமர்சனம் படிக்காதீர்கள், யாராவது "அந்தக் கேமா, அதுல கடைசியில..." என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுங்கள். எக்கோஸ் ஆஃப் தி ஐ என்ற கூடுதல் பகுதியை முதல் கதையை முடித்த பிறகு வாங்கினால் போதும், சேர்த்து வாங்கினால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து குழப்பும்.